பணிப்பாளரின் அலுமாரியில் ஒரு ஹாட் டிஸ்க்: இது பெக்கப்பா?

கேள்வி: அண்ணா, மட்டக்களப்பு வாவியோரம் இருக்கிற ஒரு சிறிய ஆய்வு நிலையத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். வாவியின் உப்புத்தன்மை, வெப்பநிலை பதிகிற கருவிகளின் தரவு, மீனவர்களிடம் எடுக்கிற பிடிபாட்டுக் கணக்கு, ட்ரோன் படங்கள், நுண்ணோக்கிப் படங்கள் எல்லாம் சேர்த்து 3 டெராபைட் அளவில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை ஒரு ஹாட் டிஸ்கில் பிரதி எடுத்து பணிப்பாளரின் அலுமாரியில் வைக்கிறேன். இன்னும் கொஞ்சம், முன்பு இங்கே இருந்த ஒரு மாணவரின் கூகுள் டிரைவில் கிடக்கிறது. போன மாதம் ஒரு லெப்டொப் பழுதாகி மூன்று கிழமைத் தரவு போய்விட்டது. இப்போது நிதி தருகிறவர்கள் பெக்கப் கொள்கை ஒன்று எழுதித் தரச் சொல்கிறார்கள். பணிப்பாளரோ, "இன்னொரு டிஸ்க் வாங்கினால் சரிதானே" என்கிறார். கூகுள் டிரைவ் போதுமா? எத்தனை பிரதி வேண்டும்? கொள்கையில் என்னதான் எழுதுவது?

பதில்: தங்கச்சி, டிஸ்க் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிவைப்போம். அது ஒரு மணி நேர வேலை. அதற்கு முன்னால் நீங்களும் பணிப்பாளரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, உங்களிடம் இருக்கிற ஒவ்வொரு வகைத் தரவுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது நாளைக்குப் போனால் திரும்ப எடுக்கலாமா?

பெரும்பாலான ஒஃபிஸ்களில் இந்தக் கேள்விக்கு அவ்வளவு பெறுமதி இல்லை. ஒரு கடையின் கணக்கு போனால் பில்லை வைத்துத் திரும்ப எழுதலாம், கஷ்டம்தான், ஆனாலும் முடியும். உங்கள் நிலையம் அப்படி இல்லை. போன வருடம் மாரி தொடங்கி முகத்துவாரம் வெட்டிய அன்று வாவியின் உப்புத்தன்மை எவ்வளவு இருந்தது என்பதை எவ்வளவு காசு கொடுத்தாலும் இனி அளக்க முடியாது. அந்த நாள் போய்விட்டது. ஆனால் ஃபோமலினில் பாதுகாத்து வைத்த ஒரு மீனின் நுண்ணோக்கிப் படம் அழிந்தால் போத்தலைத் திறந்து திரும்பப் படம் எடுக்கலாம். ட்ரோன் படங்களை ஒன்றாகத் தைத்துச் செய்த பெரிய வரைபடம் போனால் கணினியை இரண்டு நாள் ஓடவிட்டுத் திரும்பச் செய்துகொள்ளலாம், மூலப் படங்கள் இருந்தால் போதும். இணையத்திலிருந்து இறக்கிய செய்மதிப் படங்களுக்கு பெக்கப்பே தேவையில்லை, எதை எங்கிருந்து இறக்கினீர்கள் என்ற குறிப்பு இருந்தால் சரி.

இப்படிப் பிரித்துப் பாருங்கள், அந்த 3 டெராபைட் சுருங்கிவிடும். உங்கள் மாதிரி நிலையங்களில் திரும்பக் கிடைக்காத தரவுதான் பெரும்பாலும் அளவில் மிகச் சிறியது. உப்புத்தன்மைப் பதிவுகள் வெறும் எழுத்துக் கோப்புகள், பல வருடத்துத் தரவும் ஒரு சின்ன பென் ட்ரைவில் அடங்கும். பிடிபாட்டுக் கணக்கும் அப்படித்தான். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது ட்ரோன் படங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெக்கப் எடுக்கப் போய், பெரிய கோப்புகள் ஓடி முடிய நேரம் போதாமல், கடைசியில் சின்னதையும் மாதம் ஒரு தடவைக்குத் தள்ளிவிடுகிறோம். உங்களுக்கு மூன்று கிழமை போனதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். மாதத்துக்கு ஒரு பெக்கப் என்றால் ஒரு மாதத் தரவை இழக்கச் சம்மதம் என்றுதான் அர்த்தம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் கொள்கை என்ற தாளில் முதலில் எழுத வேண்டிய வரி அதுதான். எந்தத் தரவில் எத்தனை நாள் போனால் தாங்குவோம் என்று எழுதிப் பணிப்பாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். கருவித் தரவுக்கும் பிடிபாட்டுக்கும் ஒரு நாள், மூல ட்ரோன் படத்துக்கு ஒரு கிழமை, திரும்பச் செய்யக்கூடியதற்கு ஒரு மாதம். என் கணக்கு இது. நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் பலரும் மறக்கிற ஒன்று, களக் கொப்பி. தோணியில் இருந்து பென்சிலால் எழுதுகிற அந்தக் கொப்பிதான் மூலம், எக்செல் அதன் பிரதி மட்டுமே. கரைக்கு வந்த அன்று பின்னேரமே பக்கம் பக்கமாக ஃபோனில் படம் எடுத்துவிடுங்கள். ஆனால் அதை வட்ஸ்அப் குழுவில் சாதாரணப் படமாகப் போட்டுவிட்டு பெக்கப் ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அப்படி அனுப்பும்போது வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த நேரமும் இடமும் படத்தோடு ஒட்டியிருக்கும், அதையும் கழற்றிவிடும். ஆய்வுப் படத்துக்கு அந்த நேரமும் இடமும்தான் உயிர். வேறு வழியில்லை என்றால் 'டொகியுமென்ட்' என்று தெரிவுசெய்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே போகும்.

சரி, கூகுள் டிரைவ்.

முதலில் அந்தப் பழைய மாணவரின் கணக்கை இந்தக் கிழமையே பாருங்கள். இரண்டு வருடம் பாவிக்காமல் கிடக்கிற தனியாள் கணக்குகளை, உள்ளே இருப்பதோடு சேர்த்து அழிக்கலாம் என்று கூகுள் 2023 இல் அறிவித்து, அந்த வருட டிசம்பரிலிருந்து அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. அந்த மாணவர் இப்போது வெளிநாட்டில் வேறு மின்னஞ்சலோடு இருக்கிறாரோ என்னவோ. உடனே தொடர்புகொண்டு எல்லாவற்றையும் இறக்கி எடுங்கள். நிலையத்தின் தரவு நிலையத்தின் பெயரில் உள்ள கணக்கில்தான் இருக்க வேண்டும், இலவசக் கணக்கில் 15 ஜீபிதான் கிடைக்கும் என்றாலும் உங்கள் சின்னத் தரவுக்கு அதுவே தொடக்கத்துக்குப் போதும்.

ஆனால் கணினியோடு ஒத்திசைந்து நிற்கிற டிரைவை பெக்கப் என்று கணக்கில் எடுக்க மாட்டேன். கணினியில் ஒரு ஃபோல்டரைத் தவறாக அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் யாராவது கவனித்தால் தப்பலாம். ஆய்வு நிலையத்தில் ஒரு கோப்பைத் திறந்து பார்க்க எட்டு மாதம் ஆகும், அறிக்கை எழுதுகிற நேரத்தில்தான் தேடுவோம். இதே குறை விண்டோஸின் பிரதி எடுக்கிற கட்டளையான ரொபோகொப்பியில் 'மிரர்' (மூலத்தில் அழிந்ததைப் பிரதியிலும் அழிக்கிற முறை) போட்டு ஓடவிடுகிறவர்களுக்கும் உண்டு, நெட்வேர்க்கில் மாட்டி, ஒரே தரவை இரண்டு டிஸ்கிலும் எழுதுகிற நாஸ் பெட்டிக்கும் உண்டு. நாஸில் ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், உண்மைதான். ஆனால் நீங்கள் தவறாக அழித்ததை இரண்டு டிஸ்கும் சேர்ந்தே அழிக்கும். பெக்கப் என்றால் பழைய நிலைக்குத் திரும்பிப் போகக்கூடியதாக இருக்க வேண்டும்: நேற்றைய நிலை, போன மாத நிலை, போன வருட நிலை. ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருள் இதை நன்றாகச் செய்யும். மாறியதை மட்டும் சேர்க்கும், பாஸ்வேட் இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டியே சேமிக்கும், பழைய நிலைகளில் எவற்றை வைத்திருப்பது என்றும் சொல்லிவிடலாம். நாளுக்கு ஒன்றாகக் கடைசி 14, கிழமைக்கு ஒன்றாகக் கடைசி 8, மாதத்துக்கு ஒன்றாகக் கடைசி 12 என்று வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒன்றை அழிக்காமலே விடுங்கள். கட்டளை வரியில் தட்டுகிற மென்பொருள் அது, பயப்படாதீர்கள், ஒரு பின்னேரத்தில் பழகிவிடும்.

எத்தனை பிரதி என்று கேட்டீர்கள். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரவலாக்கிய 3-2-1 என்ற விதியை எல்லோரும் சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். அது சரிதான், நானும் அதையே சொல்வேன். அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், ஒரு பிரதியாவது எந்த வயரிலும் மாட்டாமல் இருக்க வேண்டும். காரணத்தை வெளியில் தேட வேண்டாம். 2023 ஓகஸ்டில் நம் நாட்டின் அரச கிளவுட்டை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற தீய மென்பொருள், தாக்கியது. சேவையைச் சீக்கிரம் மீட்டுவிட்டார்கள், ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன, பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் அதில் ஒன்று. இணைப்பில் இருந்த பெக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது, அந்தக் காலத்துக்குக் கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. உங்கள் பணிப்பாளரின் அலுமாரி டிஸ்கைக் கேலி செய்ய முடியாது பாருங்கள், அது ஒன்றாவது கழன்று இருக்கிறது! பிழை அது அலுமாரியில் இருப்பது அல்ல, அது மட்டுமே இருப்பதும், அந்த அலுமாரி கணினிகள் இருக்கிற அதே கட்டிடத்தில் இருப்பதும்தான்.

'இவ்வளவு பெரிய தரவை எப்படி பெக்கப் எடுப்பது, விட்டுவிடுவோம்' என்று உங்கள் ஆட்களில் யாராவது சொன்னால் தென்கொரியாவைச் சொல்லுங்கள். 2025 செப்டெம்பரில் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு நிலையம் எரிந்தபோது, அரச ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அப்படியே போனது. அளவு பெரிது என்பதால் வெளியில் பிரதி வைக்கவில்லை என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட காரணம். எல்லாவற்றையும் எடுக்க முடியாவிட்டால் திரும்பக் கிடைக்காததையாவது எடுத்திருக்கலாம்.

வேறு இடம் என்றால் எங்கே? இதில்தான் நம்மூர்க் கணக்கு வேறு. நிலையம் வாவியோரம், உங்கள் வீடு கல்லடி என்றால் வீட்டில் ஒரு டிஸ்க் வைப்பது நல்லது, தீயும் திருட்டும் வந்தால் காப்பாற்றும், ஆனால் கடல் வந்தால்? 2004 டிசம்பர் 26 கல்லடியையும் நாவலடியையும் என்ன செய்தது என்று நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்முனை, காரைதீவும் அதே கரைதான். அம்பாறை நகரம் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது, ஆனால் வெள்ளம் வந்தால் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்தே வருகிறது, 2011 ஜனவரியில் அப்படித்தான். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்போடு நிற்கவில்லை, உள்நாடு வரை போனது. அப்போ மலைநாட்டில் வைப்போமா என்றால், 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது கண்டியும் பதுளையும் மண்சரிவில் பட்ட பாட்டைப் பார்த்தோம். ஆக, முற்றாகப் பாதுகாப்பான இடம் என்று ஒன்று இல்லை, ஒரே அடியில் இரண்டும் போகாத இரண்டு இடம் இருந்தால் போதும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு டிஸ்கை அம்பாறையிலோ பேராதனையிலோ உங்களோடு சேர்ந்து வேலை செய்கிற ஒரு பல்கலைக்கழகத் துறையில், மேல் மாடியில் வைப்பேன், மாதம் ஒரு தடவை யாராவது அந்தப் பக்கம் போகும்போது மாற்றுவேன். மூன்றாவது, சின்னத் தரவு மட்டும், பூட்டி, கிளவுட்டில்.

முழுவதையும் கிளவுட்டில் ஏற்றலாமே என்று கேட்பீர்கள். ஏற்றுகிற வேகம் 10 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 10 மெகாபிட்) என்றால் 3 டெராபைட் ஏற இரவு பகல் நிற்காமல் ஓடினாலும் ஏறக்குறைய 28 நாள். இடையில் கரண்ட் போகும். ஆனால் அதே இணைப்பில் இரவு எட்டு மணி நேரத்தில் 36 ஜீபி ஏறும், உங்கள் நாளாந்தத் தரவுக்கு அது தாராளம். இறக்குவதற்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு யுஎஸ்பி டிஸ்கிலிருந்து 3 டெராபைட் திரும்ப எடுக்க எட்டு, ஒன்பது மணி நேரம், இன்டர்நெட்டில் என்றால் கிழமைக் கணக்கு. பெரியதற்கு டிஸ்க், சின்னதற்கு கிளவுட்.

டிஸ்கைப் பற்றி இரண்டு வார்த்தை. உப்புக் காற்றும் ஈரமும் உள்ள இடம் அது, காற்றுப் போகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள், வாங்கிய திகதியை மேலே ஒட்டுங்கள், ஐந்து வருடம் தாண்டியதை நம்பாதீர்கள். இரண்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாதிரி வாங்க வேண்டாம், ஒன்றில் உள்ள தயாரிப்புக் குறை மற்றதிலும் இருக்கும். நீண்ட காலம் கழற்றி வைக்க எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கிற டிஸ்க்) வேண்டாம், மின் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதில் உள்ளது மெல்ல மெல்லத் தேயலாம், பழைய சுழல்கிற டிஸ்கே நல்லது. சித்திரை மாதத்திலும், பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி மின்னல் தொடங்கினால் கரண்ட் வயரை மட்டும் கழற்றிவிட்டு நெட்வேர்க் வயரை விட்டுவிடுகிறார்கள், மின்னல் அதன் வழியாகவும் வரும். யூபிஎஸ் கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க் கெடாவிட்டாலும் கோப்பு அரைகுறையாக நிற்கும்.

கருவிகளோடு வந்த பழைய கணினிகள் இருக்குமே, விண்டோஸ் 7 ஓடிக்கொண்டு, யாரும் தொடப் பயப்படுகிற கணினி. அதை இன்டர்நெட்டில் விடாதீர்கள். குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளை வைத்து முழு டிஸ்கையும் ஒரு தடவை அப்படியே படியெடுத்து வையுங்கள், மென்பொருளின் உரிம எண், நிறுவுகிற சீடி எல்லாம் சேர்த்து. அந்தக் கருவியின் மென்பொருள் மட்டுமே திறக்கிற கோப்பாக இருந்தால் கூடவே ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) பிரதியும் எடுங்கள். பத்து வருடம் கழித்து அந்த நிறுவனம் இருக்குமோ தெரியாது, சிஎஸ்வியை நோட்பேடிலும் திறக்கலாம்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீத்திறன் கணினியில் 2021 டிசம்பரில் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்பு, 14 ஆய்வுக் குழுக்களுடையவை, அதில் நான்கு குழுக்களின் தரவைத் திரும்ப எடுக்கவே முடியவில்லை. அழித்தது வைரஸ் இல்லை, பெக்கப் நிரலேதான். பழைய பதிவுகளை அழிக்கிற நிரலை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதால் மாற்றினார்கள், அது தரவுக் கோப்புகளைத் தின்றுவிட்டது. அதனால் பெக்கப் ஓடியது என்று பச்சை அடையாளம் காட்டுவதை நான் நம்புவதில்லை. திரும்ப எடுத்துப் பார்த்தால்தான் நம்புவேன்.

மாதம் ஒரு தடவை, பெக்கப் எடுக்கிற நீங்கள் அல்லாத ஒருவர், பிடிபாட்டுக் கணக்கு எழுதுகிற அந்தத் தம்பி என்று வையுங்கள், ஏதாவது ஒரு பழைய கோப்பைச் சொல்ல வேண்டும், உதாரணமாக இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆவணி மாத உப்புத்தன்மை. அதை அவரே, நீங்கள் எழுதி வைத்த தாளை மட்டும் பார்த்து, உங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், பெக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து காட்ட வேண்டும். வரிகளின் எண்ணிக்கை சரியா, கடைசித் திகதி சரியா என்று பார்க்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் தாளில் குறை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வெறும் லெப்டொப்பில் திரும்பக் கிடைக்காத தரவு முழுவதையும் இறக்கி, எவ்வளவு நேரம் எடுத்தது என்று எழுதுங்கள். மூலக் கோப்புகளுக்கு ஷா-256 எண்களை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கிற கைரேகை மாதிரியான எண்களை, ஒரு பட்டியலாக எடுத்து வைத்தால் ஒரு எழுத்து மாறினாலும் பிடித்துவிடலாம், விண்டோஸிலேயே அதற்குக் கட்டளை இருக்கிறது. மூலத் தரவு ஃபோல்டரை வாசிக்க மட்டும் என்று பூட்டிவிட்டு, வேலையைப் பிரதியில் செய்யப் பழக்குங்கள், பாதிச் சண்டை அதிலேயே முடியும்.

மீனவர்களின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி எண் இருக்கிற கோப்பை மற்றவற்றோடு கலக்க வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் நம்மை நம்பிச் சொன்ன ஆட்கள். கணக்கில் ஒரு இலக்கம் மட்டும் போட்டு, எந்த இலக்கம் யார் என்ற பட்டியலை வேறாகப் பூட்டி வையுங்கள். வெளியே போகிற டிஸ்க் எதுவும் பூட்டாமல் போகக் கூடாது.

கொள்கையை இரண்டு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம், இருபது பக்கம் எழுதினால் நிதி தருகிறவர் மட்டும்தான் வாசிப்பார். எந்தத் தரவு எந்த வகை, எத்தனை நாள் இழப்புத் தாங்கும், பிரதிகள் எங்கே, யார் எடுப்பது, அவர் லீவில் இருந்தால் யார், யார் சோதிப்பது, எத்தனை வருடம் வைப்பது, ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது கடிதம் கொடுக்க முன் எதை ஒப்படைக்க வேண்டும். பதவிப் பெயர்களை எழுதுங்கள், ஆட்களின் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். கட்டளைகள், பொத்தான்கள் பற்றிய நடைமுறைத் தாள் வேறாக இருக்கட்டும், அதை அடிக்கடி மாற்றுவீர்கள், கொள்கையை வருடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். கட்டுரையாக வெளியான தரவை செனோடோ என்ற ஆய்வுத் தரவு இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்ன் நடத்துகிறது, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜீபி வரை இடம் தருவார்கள், உங்களுக்கு டிஓஐ எண்ணும் (மேற்கோள் காட்டுவதற்கான நிரந்தர அடையாள எண்) கிடைக்கும்.

பணிப்பாளரிடம் என்ன சொல்வது என்றால், இன்னொரு டிஸ்க் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், இரண்டு கேளுங்கள். கூடவே அந்தப் பழுதான லெப்டொப்பின் டிஸ்கை யாரும் திறந்து பார்க்க விடாதீர்கள், அதில் புதிதாக எதையும் எழுதவும் வேண்டாம், மூன்று கிழமைத் தரவில் கொஞ்சமாவது மீட்கிற வாய்ப்பு இன்னும் இருக்கலாம், தரவு மீட்கிற ஆளிடம் அப்படியே கொடுங்கள். ரெஸ்டிக்கின் பாஸ்வேட் தொலைந்தால் பெக்கப் முழுவதும் தொலைந்த மாதிரி, அதை உருவாக்கியவர்களாலும் திறக்க முடியாது. ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பணிப்பாளரிடம் ஒன்று, கணக்காளரின் பெட்டகத்தில் ஒன்று. டிஸ்க் இருக்கிற பெட்டிக்குள் மட்டும் வேண்டாம்.